ஓட்டையின் ஓரம்

மருமகள் சல்லடையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. ஆனால் எல்லா ஓட்டையும் வட்டமாக இல்லை. சில ஓட்டைகள் பெரிதாகிவிட்டன. ஓர் இடத்தில் இரண்டு ஓட்டைகள் சேர்ந்து ஒன்றாகிவிட்டன. ஓரமெல்லாம் துரு.

"அத்தை, இது போன வருசம் வாங்கினதுதானே?"

"ஆமா கண்ணு. விலை குறைவுன்னு வாங்கினேன். ஒரு மழைதான் நனைஞ்சுது."

"இதுல சலிச்சா கல்லும் விழும், கடலையும் விழும். ரெண்டும் ஒண்ணாப் போயிரும்."

கோபாலபுரத்துப் பக்கம் ஒரு வீடு அது. கோபாலபுரம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் பொள்ளாச்சி. இந்தப் பக்கம் சித்தூர். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஊர்கள் இவை. பாலக்காட்டின் மற்ற இடங்களைப் போல இங்கே மழை பெய்வதில்லை. அதனால் நிலக்கடலை போடுகிறார்கள். கடலை போடும் வீட்டில் சல்லடை இல்லாமல் முடியாது.

சல்லடை என்றால் என்ன? தகட்டில் ஓட்டை போட்டால் சல்லடை. அவ்வளவுதான். ஆனால் எந்தத் தகடு? இரும்பா, அலுமினியமா, பித்தளையா, எவர்சில்வரா? கடையில் நான்கும் தொங்குகின்றன. விலை நான்கு விதம். எதை வாங்குவது என்று தெரியாமல் பலர் விலை குறைந்ததை வாங்கி வருகிறார்கள். அத்தையும் அப்படித்தான் வாங்கினாள்.

வீட்டைச் சுற்றி ஒரு முறை பாருங்கள்

ஓட்டைத் தகடு சல்லடையில் மட்டும் இல்லை. புட்டுக் குழலின் அடியில் ஒரு சில்லு இருக்கிறது. அதில் ஓட்டைகள். நூல்புட்டு பிழியும் அச்சில் ஓட்டைகள். காப்பி பில்டரில் ஓட்டைகள். பூந்திக் கரண்டி, இட்லித் தட்டு, துருவி, எல்லாம் ஓட்டை போட்ட தகடுகள்தான்.

வீட்டுக்கு வெளியே வந்தால் இன்னும் பெரிது. நெல் அரைக்கும் ஹல்லர் மில்லில் உருளைக்கு அடியில் ஓட்டைத் தகடு இருக்கிறது. மிளகாய் அரைக்கும் மில்லிலும் இருக்கிறது. கோபாலபுரத்துக்குத் தெற்கே, மலைக்கு மேலே இடுக்கி மாவட்டம். அங்கே ஏலக்காயைத் தரம் பிரிப்பதும் ஓட்டைத் தகட்டில்தான்.

ஒவ்வொன்றின் வழியாகவும் ஒவ்வொரு பொருள் போகிறது. ஒன்றில் மண். ஒன்றில் கொதிக்கும் எண்ணெய். ஒன்றில் நீராவி. ஒன்றில் உமி. எந்த உலோகம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும்: அந்த ஓட்டை வழியாக என்ன போகப் போகிறது?

ஓட்டை எப்படிப் போடுகிறார்கள்

பட்டறையில் ஓட்டை போடும் எந்திரத்தில் இரண்டு பாகம் உண்டு. மேலே ஒரு கடினமான கம்பி. அதற்குப் பஞ்ச் என்று பெயர். கீழே ஓட்டையுள்ள ஒரு கட்டை. அதற்கு டை என்று பெயர். நடுவில் தகட்டை வைப்பார்கள். பஞ்ச் இறங்கும். ஒரு வட்டத் துண்டு கீழே விழும்.

பஞ்ச் இறங்கும்போது முதலில் தகட்டை வெட்டும். பாதிக்கு மேல் வெட்டாது. மீதியைக் கிழிக்கும். அதனால் ஓட்டையின் மேல் பக்கம் வழவழப்பாக இருக்கும். கீழ்ப் பக்கம் பிசிறு நிற்கும். கீழ்ப் பக்கத்தில் ஓட்டை சற்று அகலமாகவும் இருக்கும்.

விரலை மெதுவாக வைத்தால் இது தெரியும். ஒரு பக்கம் வழுக்கும். மறு பக்கம் சொரசொரக்கும். சட்டம் அடிக்கும்போது வழவழப்பான பக்கம் மேலே வர வேண்டும். அப்போது மேல் வாயைத் தாண்டிய மணி கீழே அகலமான இடத்தில் நிற்காமல் விழுந்துவிடும். திருப்பி அடித்தால் மணி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். பிசிறு கையைக் கிழிக்கும். ஏலக்காயின் தோலையும் கீறும்.

கை கிழிந்தால் என்ன செய்வது? துருப் பிடித்த இரும்பு கிழித்தால் வில்வாத ஜன்னி வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். துருவில் அந்த நோய் இல்லை. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. கடலை சலிக்கும் சல்லடையில் மண் ஒட்டியிருக்கும். எவர்சில்வர் சல்லடை கிழித்தாலும் அதே ஆபத்துதான். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். தடுப்பூசி போட்டது எப்போது என்று அங்கே கேட்பார்கள்.

பூச்சு எங்கே நிற்கும், எங்கே நிற்காது

இப்போது துருவுக்கு வருவோம். அத்தையின் சல்லடை ஏன் ஓரத்தில் மட்டும் துருப் பிடித்தது? தகட்டின் நடுப் பகுதி இன்னும் பளபளப்பாக இருக்கிறதே?

காரணம் இதுதான். வெறும் இரும்பு ஈரக் காற்றில் துருப் பிடிக்கும். அதனால் இரும்புத் தகட்டின் மேல் வேறு உலோகத்தைப் பூசுகிறார்கள். மேலும் கீழும் பூச்சு இருக்கும். நடுவில் இரும்பு இருக்கும். அந்தத் தகட்டில் ஓட்டை போட்டால் என்ன ஆகும்? ஓட்டையின் உள் சுவரில் பூச்சு இல்லை. அங்கே இரும்பு வெளியே தெரிகிறது. ஆயிரம் ஓட்டை போட்டால் ஆயிரம் இடத்தில் இரும்பு வெளியே வருகிறது.

பூச்சில் இரண்டு வகை உண்டு. ஒன்று துத்தநாகம். இந்தத் தகட்டைக் கடைக்காரர்கள் ஜி.ஐ. தகடு என்பார்கள். வாளி, கூரைத் தகடு எல்லாம் இதில் செய்கிறார்கள். மற்றொன்று வெள்ளீயம். எண்ணெய் டின், பிஸ்கட் டின் இந்த வகை.

பார்வைக்கு இரண்டும் ஒன்று போல இருக்கலாம். கீறல் விழுந்த பிறகுதான் குணம் தெரியும். ஜி.ஐ. வாளியில் ஒரு கீறல் விழுந்தால் உடனே துருப் பிடிக்காது. பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் முதலில் கரையும். தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். எண்ணெய் டின் அப்படி இல்லை. கீறல் விழுந்து ஈரம் பட்டால் வெள்ளீயம் அப்படியே நிற்கும். இரும்புதான் கரையும். பூச்சு இல்லாத இரும்பை விட வேகமாகவும் கரையும். வெள்ளீயம் முழுதாக மூடியிருக்கும் வரைதான் காவல். ஒரு சிறு ஓட்டை விழுந்தாலும் காவல் போய்விடும்.

சில வீடுகளில் பழைய டின் தகட்டில் ஆணி அடித்து ஓட்டை போட்டுச் சல்லடை செய்கிறார்கள். துருவியும் செய்கிறார்கள். காசு மிச்சம்தான். ஆனால் ஒவ்வொரு ஆணி ஓட்டையும் துரு தொடங்கும் இடம். ஒரு மழைக்காலம் தாங்குவது கடினம். அத்தை வாங்கிய சல்லடையும் டின் தகடுதான்.

ஜி.ஐ. சல்லடை பல வருடம் உழைக்கும். அதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஓட்டை போட்ட பிறகு துத்தநாகத்தில் முக்கி எடுத்த தகடு இருக்கிறது. அதில் ஓட்டையின் உள் சுவரிலும் பூச்சு இருக்கும். பூசிய தகட்டில் ஓட்டை போட்டதும் இருக்கிறது. அதில் உள் சுவர் வெறுமை. முதல் வகை நல்லது. விலையும் கூடும். ஓட்டையின் உள்ளே உற்றுப் பார்த்தால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும்.

ஜி.ஐ. தகட்டுக்கு ஆகாத இடங்கள் இரண்டு. புளி, மோர், எலுமிச்சை பட்டால் துத்தநாகம் கரைந்து சாப்பாட்டில் சேரும். வாந்தி வரும். அதனால் சாப்பாட்டை வடிக்க ஜி.ஐ. கூடாது. அடுத்தது நெருப்பு. ஜி.ஐ. சல்லடையைக் கனல் மேல் வைத்துச் சோளம் சுடக் கூடாது. அதிகச் சூட்டில் துத்தநாகம் புகையாகும். ஜி.ஐ. தகட்டை வெல்டிங் செய்பவர்களுக்கு அந்தப் புகையால் காய்ச்சல் வருவது உண்டு.

காய்ந்த கடலை, காய்ந்த மிளகு, மணல் ஆகியவற்றைச் சலிக்க ஜி.ஐ. போதும். எவர்சில்வருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

நெல் மில்லில் என்ன நடக்கிறது

ஹல்லர் மில்லின் தகட்டில் வட்ட ஓட்டை இருக்காது. நீளக் கீற்று இருக்கும். அந்தக் கீற்றின் வழியாக உமியும் தவிடும் வெளியே போகும். அரிசி உள்ளேயே நகர்ந்து மறு பக்கம் வரும்.

இங்கே எதிரி துரு இல்லை. உமி. உமியில் மணலில் இருக்கும் அதே பொருள் நிறைய இருக்கிறது. அதற்குச் சிலிக்கா என்று பெயர். உப்புக் காகிதம் போல அது தகட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அலுமினியம் போன்ற மென்மையான உலோகம் இந்தத் தேய்ப்புக்கு நிற்காது. கடினமான எஃகுத் தகடுதான் வேண்டும். அதுவும் நாளானால் தேயும். கீற்று அகலமாகும். அப்போது தவிட்டோடு நொய்யும் போகும். கொஞ்சம் நல்ல அரிசியும் போகும்.

நெல் கொண்டுவந்தவர் அரிசியை அளந்து பார்த்து நெல் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். தவிட்டைக் கையில் எடுத்து ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். தவிடு பறக்கும். கையில் அரிசி நிற்கும். அப்படி நிறைய நின்றால் மில்காரரிடம் தகட்டை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.

ஒரு மில்லிமீட்டரின் விலை

இடுக்கியில் வண்டன்மேடு, கட்டப்பனை பக்கம் ஏலத் தோட்டங்கள் இருக்கின்றன. அந்தத் தோட்டங்களில் வேலை செய்வோரில் தமிழர்கள் ஏராளம். எல்லை தாண்டித் தேனி மாவட்டத்திலிருந்து தினமும் போய்வருகிறவர்களும் உண்டு. ஏலக்காய் ஏலம் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது.

ஏலக்காய்க்கு விலை வைப்பதில் நிறம் ஒன்று. அளவு இன்னொன்று. அக்மார்க் விதிகளில் ஆலப்புழைப் பச்சை என்னும் வகையை 7, 6, 5 என்று மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரித்திருக்கிறார்கள். சந்தையில் 8 மில்லிமீட்டர் காய்க்குத் தனி மதிப்பு உண்டு. இந்த அளவு எங்கிருந்து வருகிறது? சல்லடையின் ஓட்டையிலிருந்துதான். ஓட்டையில் விழாமல் மேலே நிற்கும் காய் பெரிய காய். விழுந்தது அடுத்த தரம்.

ஒரு மில்லிமீட்டர் என்பது எவ்வளவு? அளவுகோலில் ஒரு சென்டிமீட்டரைப் பத்தாகப் பிரித்திருப்பார்கள். அதில் ஒரு சிறு கோடுதான். அந்தச் சிறு கோட்டுக்கு ஒரு தரம் மாறுகிறது. தரம் மாறினால் கிலோவுக்கு விலை மாறுகிறது.

சல்லடை தேய்ந்து 7 மில்லிமீட்டர் ஓட்டை ஏழரை ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேலே நிற்க வேண்டிய காய் கீழே விழும். விளைவித்தவருக்கு நஷ்டம். சல்லடையை யாரும் திருட்டு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பணம் போய்விடும்.

அதனால் இந்த வேலைக்கு ஓட்டையின் அளவு மாறாத உலோகம் வேண்டும். எவர்சில்வர் கடினம். தேய்வது மெதுவாக. துருவும் பிடிக்காததால் ஓட்டை அரித்துப் பெரிதாகாது. அலுமினியம் மென்மை. கீழே விழுந்தால் நசுங்கும். ஓட்டை வட்டம் மாறி முட்டை வடிவம் ஆகும். முட்டை வடிவ ஓட்டையில் நீளப் பக்கம் எவ்வளவு, அகலப் பக்கம் எவ்வளவு என்று யார் சொல்வது? சல்லடையைச் சோதிக்க எளிய வழி உண்டு. புதிதாக வாங்கும்போதே ஓட்டைக்குள் இறுக்கமாக நுழையும் ஒரு கம்பித் துண்டை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வருடம் ஒரு முறை அதை நுழைத்துப் பார்க்கலாம். ஆடினால் ஓட்டை தேய்ந்துவிட்டது.

அலுமினியம்: எடையும் மின்சாரமும்

அலுமினியத்தைக் குறை மட்டும் சொல்லக் கூடாது. அதற்கு ஒரு பெரிய குணம் இருக்கிறது. எடை குறைவு.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் கனம் உள்ள தகடு எவ்வளவு எடை இருக்கும்?

அலுமினியம் 2 கிலோ 700 கிராம்.
இரும்பு 7 கிலோ 850 கிராம்.
எவர்சில்வர் ஏறக்குறைய 8 கிலோ.
பித்தளை ஏறக்குறைய எட்டரைக் கிலோ.
செம்பு ஏறக்குறைய 9 கிலோ.

நாள் முழுவதும் சல்லடையை ஆட்டுகிற பெண்ணின் தோளுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். களத்தில் சல்லடை பிடிப்பது பெரும்பாலும் பெண்கள்தான். அவர்கள் தோள் வலியை யாரும் விலையில் சேர்ப்பதில்லை.

அலுமினியம் இரும்பைப் போல விறைப்பாக நிற்காது. வளையும். அதனால் கொஞ்சம் கனமான தகடாகப் போட வேண்டும். 1 மில்லிமீட்டர் இரும்புக்குப் பதில் 1.4 மில்லிமீட்டர் அலுமினியம் போட்டால் அதே விறைப்பு வரும். அப்போதும் எடை பாதிதான்.

விலையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. உலோகத்தைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள். ஒரு பேச்சுக்கு இரும்பு கிலோ 100 ரூபாய், அலுமினியம் கிலோ 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேட்டதும் அலுமினியம் இரண்டரை மடங்கு விலை என்று தோன்றும். ஆனால் ஒரு மீட்டர் சதுரத் தகடு இரும்பில் 785 ரூபாய். அதே கனத்தில் அலுமினியம் 675 ரூபாய். கனம் கூட்டி 1.4 மில்லிமீட்டர் எடுத்தாலும் 945 ரூபாய். இரண்டரை மடங்கு எங்கே போயிற்று? கிலோ விலையை மட்டும் கேட்டால் இப்படித்தான் ஏமாற வேண்டி வரும்.

கனத்திலும் ஏமாற்றம் உண்டு. கடைக்காரர் கனத்தைக் கேஜ் என்று சொல்வார். 18 கேஜ், 20 கேஜ், 22 கேஜ் என்பார். எண் கூடினால் தகடு கனமாகும் என்று நினைக்கத் தோன்றும். அது தலைகீழ். எண் கூடக் கூடத் தகடு மெலியும். 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர். 22 கேஜ் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான்.

அலுமினியத்துக்கும் கேரளத்துக்கும் பழைய உறவு உண்டு. அலுமினியம் மண்ணில் தனியாகக் கிடைப்பதில்லை. பாக்சைட் என்னும் கனிமத்திலிருந்து எடுக்கிறார்கள். அதற்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 14, 15 யூனிட் ஆகும். இடுக்கியில் மூணாறுக்குப் பக்கம் பள்ளிவாசலில் 1940-இல் நீர்மின் நிலையம் தொடங்கியது. அதன் பிறகு 1943-இல் ஆலுவாய்க்கு அருகே அலுபுரத்தில் இந்தியாவின் முதல் அலுமினியம் உருக்கப்பட்டது. பழைய அலுமினியத்தை மறுபடி உருக்க இருபதில் ஒரு பங்கு மின்சாரம் போதும். அதனால்தான் ஓட்டை அலுமினியச் சட்டிக்கும் நல்ல விலை கிடைக்கிறது.

ஆனால் மறுபடி உருக்குவதில் ஒரு கெடுதல் நடக்கலாம். பழைய எஞ்சின் பாகம், கண்ட உலோகம் எல்லாம் சேர்த்து உருக்கி வார்த்த அலுமினியப் பாத்திரங்களில் கார ஈயம் இருப்பதை ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளில் செய்த சோதனைகள் காட்டியுள்ளன. கார ஈயம் நஞ்சு. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். சொரசொரப்பாக வார்த்த, முத்திரை எதுவும் இல்லாத அலுமினியப் பாத்திரத்தைச் சமையலுக்கு வாங்காமல் இருப்பது நல்லது. எவர்சில்வர், அலுமினியச் சமையல் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்று மத்திய அரசு 2024-இல் ஆணை போட்டது.

அலுமினியத்துக்கு இன்னொரு எதிரி புளியும் உப்பும். காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் ஒரு மெல்லிய தோல் உண்டாகும். அந்தத் தோல்தான் அதைக் காக்கிறது. புளிக் கரைசலும் உப்பு நீரும் அந்தத் தோலை அரிக்கும். சின்னச் சின்னக் குழி விழும். அரிசி களைய, காய் கழுவ அலுமினியச் சல்லடை போதும். புளிச் சாறு வடிகட்ட வேண்டாம்.

பித்தளை: பாட்டி காலத்துச் சொத்து

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஓட்டை போட ஏற்ற உலோகம். பிசிறு அதிகம் வராது. நூல்புட்டு அச்சு, முறுக்கு அச்சு, காப்பி பில்டர் எல்லாம் பித்தளையில் செய்தது அதனால்தான். துருப் பிடிக்காது. தலைமுறை தாண்டி நிற்கும்.

புளி பட்டால் பித்தளையிலிருந்து செம்பு கரையும். பச்சைக் களிம்பு பிடிக்கும். அந்தக் களிம்பு வயிற்றுக்குள் போகக் கூடாது. அதனால் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். கலாய் பூசுகிறவர்கள் தெருவில் வந்து நவச்சாரம் போட்டுப் பூசித் தருவார்கள். இப்போது அவர்களைப் பார்ப்பது அரிது. சட்டிக்குப் பூசலாம். சல்லடைக்குப் பூசுவது கஷ்டம். உருகிய ஈயம் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். துடைத்தால் ஓட்டையின் ஓரத்தில் பூச்சு போய்விடும்.

வெள்ளீயம் வேறு, கார ஈயம் வேறு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். பற்று வைக்கும் ஈயத்தில் பல சமயம் கார ஈயம் கலந்திருக்கும். பழைய வடிகட்டியின் விளிம்பில் சாம்பல் நிறப் பற்று தெரிந்தால் அதைச் சமையலில் இருந்து விலக்கிவிடலாம்.

தனிச் செம்பில் சல்லடை செய்வோர் குறைவு. விலை அதிகம். மென்மையும் அதிகம்.

எவர்சில்வர்: பெயரில் வெள்ளி, உள்ளே இரும்பு

எவர்சில்வரில் வெள்ளி இல்லை. பெரும்பகுதி இரும்புதான். அதில் குரோமியம் சேர்த்திருக்கிறார்கள். நூற்றில் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் இருக்க வேண்டும். 1913-இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பவர் துப்பாக்கிக் குழலுக்கு நல்ல எஃகு தேடிக்கொண்டிருந்தார். அப்போது துருப் பிடிக்காத எஃகைக் கண்டார். சேலம் உருக்காலை 1981-இல் எவர்சில்வர் தகடு செய்யத் தொடங்கியது.

குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலை உண்டாக்குகிறது. கீறினால் தோல் மறுபடி தானாக வளரும். இங்கேதான் எவர்சில்வர் மற்றவற்றை விட்டு விலகி நிற்கிறது. ஓட்டை போட்டாலும் கவலை இல்லை. ஓட்டையின் உள் சுவரிலும் அதே தோல் வளரும். மேலே பூசியது இல்லை. உள்ளேயே கலந்தது.

அப்படியானால் ஏன் எல்லாவற்றையும் எவர்சில்வரில் செய்வதில்லை? விலை அதிகம். ஓட்டை போடவும் கஷ்டம். எந்திரம் அதிக அழுத்தம் கொடுக்க வேண்டும். பஞ்ச் சீக்கிரம் மழுங்கும். மிக நுண்ணிய ஓட்டையைக் கனத் தகட்டில் போட்டால் பஞ்ச் முறிந்துவிடும்.

எவர்சில்வரில் வகைகள் உண்டு. சில தகடுகளில் எண் குத்தியிருப்பார்கள். 304 என்று இருந்தால் சுமார் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். இது உயர்ந்தது. 202 என்று இருந்தால் நிக்கல் குறைவு. அதற்குப் பதில் மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். விலை குறைவு. உப்புக்கும் புளிக்கும் 304 அளவு தாங்காது. 430 என்று இருந்தால் நிக்கல் அநேகமாக இல்லை. எண்ணைப் படிக்கத் தெரிந்தவரிடம் ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்க முடியாது.

காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உயர்ந்தது என்பார்கள். இது பாதி உண்மை. 430-இல் காந்தம் ஒட்டும். ஆனால் அது மட்டமான எஃகு என்று அர்த்தம் இல்லை. 304-இல் ஒட்டாது. 202-இலும் ஒட்டாது. காந்தத்தால் அந்த இரண்டையும் பிரிக்க முடியாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. நல்ல 304 தகட்டில்கூட ஓட்டை போட்ட ஓரங்களில் காந்தம் லேசாக இழுக்கும். பஞ்ச் அடித்த அடியில் அந்த இடத்தின் குணம் கொஞ்சம் மாறிவிடுகிறது.

எவர்சில்வருக்கும் உப்பு ஆகாது. உப்பு நீரில் இரவெல்லாம் போட்டு வைத்தால் புள்ளி புள்ளியாகக் குழி விழலாம். இரும்பு நாரால் தேய்த்தால் நாரின் துகள் ஒட்டிக்கொண்டு துருப் பிடிக்கும். பாத்திரம்தான் துருப் பிடித்தது என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

நெருக்கமா, விலகலா

உலோகத்தை முடிவு செய்தாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே எவ்வளவு இடம்?

3 மில்லிமீட்டர் ஓட்டை. ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடு 5 மில்லிமீட்டர். தேன்கூடு போல மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அப்போது தகட்டில் மூன்றில் ஒரு பங்குதான் ஓட்டை. அதே ஓட்டையை 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கினால் பாதித் தகடு ஓட்டையாகிவிடும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஓட்டைகளுக்கு நடுவே 1 மில்லிமீட்டர் உலோகம்தான் மிச்சம். எவர்சில்வர் அதைத் தாங்கும். மெல்லிய அலுமினியம் கிழிந்துவிடும். டின் தகடாக இருந்தால் துரு அந்த 1 மில்லிமீட்டரை இரண்டு பக்கமும் தின்னும். அத்தையின் சல்லடையில் இரண்டு ஓட்டை ஒன்றானது அப்படித்தான்.

கடையில்

மாமியாரும் மருமகளும் கடைக்குப் போனார்கள்.

"ஏனுங்க, கடலை சலிக்கிற சல்லடை வேணுங்க. துருப் பிடிக்காததா."

"எவர்சில்வர் எடுத்துக்குங்கக்கா. ஆயுசுக்கும் இருக்கும்."

மருமகள் விலையைக் கேட்டாள். பிறகு ஜி.ஐ. சல்லடை ஒன்றை எடுத்தாள். விரலால் இரண்டு பக்கமும் தடவினாள். ஓட்டையின் உள்ளே பார்த்தாள். உள்ளேயும் வெள்ளை.

"இது எத்தனை கேஜுங்க?"

கடைக்காரர் அவளைப் பார்த்தார். "இருபதும்மா" என்றார்.

"பதினெட்டு இருக்குதுங்களா?"

இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்கள். புளிச்சாறு வடிகட்ட எவர்சில்வர் வடிகட்டி ஒன்றும் வாங்கினார்கள். அதில் 304 என்று குத்தியிருந்தது. மருமகள் எழுத்துக்கூட்டிப் படித்து அத்தைக்குக் காட்டினாள்.

கடைக்காரர் புட்டுக் குழலுக்கும் எவர்சில்வர் சில்லு இருப்பதாகச் சொன்னார். அத்தை வேண்டாம் என்றாள். வீட்டில் இருப்பது பித்தளைச் சில்லு. அவளுடைய மாமியார் காலத்தது. அதன் வழியாக நீராவி மட்டும்தான் போகிறது.